வாய்க்கால் நோட்டில் கையால் வரைந்த குறிகளைக் கணினியைப் படிக்க வைப்பது எப்படி?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வணக்கம். எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். மூணாறு தலைப்பு என்ற மதகில் ஆறு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறதல்லவா, அதற்குக் கீழே உள்ள வாய்க்கால்களில் என் பெரியப்பா லஸ்கராக, அதாவது வாய்க்காலையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பொறுப்பில் இருந்த வாய்க்கால்களை எல்லாம் கோடு போட்ட நோட்டுகளில் படமாக வரைந்து வைத்திருக்கிறார். எழுத்து கொஞ்சம்தான், குறிகள்தான் அதிகம்.

வாய்க்கால் என்பது ஒரு நீளக் கோடு. அதற்குக் குறுக்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு கோடு இருந்தால் ஷட்டர். ஷட்டரின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் பழுது. கோட்டின் இரு பக்கமும் பிறை போல வளைவு இருந்தால் குழாய்ப் பாலம். முக்கோணம் படுகை அணை. வட்டத்துக்குள் புள்ளி பம்புசெட். நெளிகோடு என்றால் அங்கே ஆகாயத்தாமரை அடைக்கும். விட்டு விட்டுப் போட்ட கோடு வடிகால். தண்ணீர் போகும் பக்கத்துக்கு அம்பு. மொத்தமே பதினைந்துக்குள்தான் வரும்.

எங்கள் பாசனதாரர் சங்கத்தில் இதையெல்லாம் கணினியில் ஏற்றித் தரச் சொல்கிறார்கள். தூர்வாரும் வேலை கேட்டு மனு கொடுக்கும்போது எந்த வாய்க்காலில் எந்த இடத்தில் என்ன பழுது என்று பட்டியலாகக் காட்ட வேண்டும். ஜூன் 12ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அப்புறம் வாய்க்காலில் இறங்கி வேலை பார்க்க முடியாது. நோட்டுகளைப் போட்டோ எடுக்கத் தொடங்கிவிட்டேன். பைத்தான் தெரியும், படங்களோடு வேலை செய்த அனுபவம் இல்லை. எங்கே தொடங்கலாம்?

ஜிபியு_தம்பி எழுதியது:

படத்தில் எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் யோலோ என்ற நியூரல் வலை போதும் நண்பரே. ஒவ்வொரு குறியைச் சுற்றியும் கட்டம் கட்டிப் பெயர் கொடுத்துப் பழக்குங்கள். பயிற்சிப் படம் போதாது என்றால் குயிக் டிரா என்ற கைப்படத் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. கூகுள் 2016ல் விட்ட விளையாட்டிலிருந்து சேர்ந்தது. 345 வகை, 5 கோடிப் படங்கள். அதில் ஆறு, குளம், பாலம் எல்லாம் உண்டு. முதலில் அதில் பழக்கிவிட்டு, பிறகு உங்கள் நோட்டில் பழக்குங்கள்.

கோடுகோடாய் எழுதியது:

குயிக் டிரா நல்ல தொகுப்புதான், ஆனால் இந்த வேலைக்கு நேராக உதவாது. அதில் இருக்கும் பாலம், கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிகிற பாலம். வளைவு, தூண், கீழே தண்ணீர். பெரியப்பா வரைந்தது மேலே இருந்து பார்த்த பாலம், அதுவும் அவருக்கென்று அவர் வைத்துக்கொண்ட குறி. பொருளின் உருவத்தை வரைவது ஒன்று, குறி போடுவது இன்னொன்று. இரண்டையும் குழப்பினால் கணினி நேரம் வீணாகும்.

உருவப் படங்களில் மனிதர்களே தடுமாறுவார்கள். 2012ல் ஐட்ஸ், ஹேய்ஸ், அலெக்ஸா மூவரும் 250 வகைகளில் 20,000 கைப்படங்களைச் சேகரித்தார்கள். அவற்றைப் பார்த்து இன்னது என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது 73 சதவீதம், அன்றைய கணினி முறை 56 சதவீதம். 2015ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் ஆழ்கற்றல் வலையை வைத்து அந்த 73ஐத் தாண்டினார்கள். அதே தொகுப்பில் நடந்த போட்டி அது. உங்கள் குறிகள் பதினைந்துக்குள் என்பதும், வரைந்தவர் ஒருவரே என்பதும் உங்களுக்குப் பெரிய அனுகூலம்.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். உங்களிடம் இருப்பது படமா, ஸ்ட்ரோக்கா? பேனாவை வைத்ததிலிருந்து எடுப்பது வரை ஒரு ஸ்ட்ரோக். டேப்லெட்டில் வரைந்தால் எந்தப் புள்ளி எப்போது வந்தது என்பது பதிவாகிவிடும். மூலையில் திரும்பும்போது கை வேகம் குறையும், அதை வைத்தே மூலை எது வளைவு எது என்று பிரிக்கலாம். போட்டோவில் அந்த நேரக் கணக்கு எல்லாம் போய்விடுகிறது, மை மட்டும்தான் மிச்சம்.

ஸ்ட்ரோக் இருந்தால் பழைய எளிய முறைகளே போதும். 1991ல் டீன் ரூபின் ஒரு கோட்டிலிருந்து நீளம், திரும்பிய கோணம், தொடக்கத் திசை என்று 13 அளவுகளை எடுத்து, சில மாதிரிகளை மட்டும் காட்டிப் பழக்கலாம் என்று செய்து காட்டினார். 2007ல் வாப்ராக், வில்சன், லீ மூவரும் செய்த டாலர் ஒன் ($1) என்ற முறை இன்னும் எளிது. கோட்டைச் சம இடைவெளியில் 64 புள்ளிகளாக்கு, திருப்பி நேராக்கு, ஒரு சதுரத்துக்குள் அடக்கு, மாதிரியோடு ஒப்பிடு. நூறு வரி நிரலில் முடிந்துவிடும்.

ஆனால் டாலர் ஒன் உங்களுக்குச் சரிவராது. எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளும், ஆகவே மேலே பார்க்கும் அம்பும் கீழே பார்க்கும் அம்பும் அதற்கு ஒன்று. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதையே இழந்துவிட்டால் அந்தப் பட்டியலால் யாருக்கு என்ன பயன்? தவிர, அது ஒரே ஸ்ட்ரோக்கில் போடும் குறிகளுக்கானது. உங்கள் ஷட்டரிலேயே இரண்டு ஸ்ட்ரோக். 2012ல் வந்த டாலர் பி ($P) என்ற முறை இதற்குப் பொருத்தம். குறி முழுவதையும் புள்ளிக் கூட்டமாகப் பார்க்கும். எந்தக் கோடு முதலில் வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து இழுத்தார் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. திசையையும் காப்பாற்றும்.

ஓய்வுபெற்ற_ஓவர்சியர் எழுதியது:

தம்பி, நான் கும்பகோணம். வாய்க்காலைக் கோடாகக் காட்டும் லைன் டயகிராம் நிறைய வரைந்திருக்கிறேன். அலுவலகப் படத்தில் கோடு நேராக இருக்கும், குறி ஒழுங்காக இருக்கும். லஸ்கர் நோட்டு அப்படி இருக்காது. அவர் கரையில் நடந்துகொண்டே போட்டிருப்பார். வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் கோடும் திரும்பும், அதன் மேல் ஷட்டர் குறியும் சாய்ந்து நிற்கும். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கோடுகோடாய் எழுதியது:

சார் சொன்னதுதான் இந்த வேலையின் மையமே. குறியின் திசையைப் பக்கத்தை வைத்து அளக்கக் கூடாது, வாய்க்கால் கோட்டை வைத்து அளக்க வேண்டும். முதலில் நீளக் கோடுகளைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் இருக்கும் வாய்க்கால் எந்தக் கோணத்தில் போகிறது என்று பார்த்து, அது கிடையாக வரும்படி குறியையும் சேர்த்துத் திருப்புங்கள். அதன் பிறகு டாலர் பியிடம் கொடுங்கள். இப்போது எல்லா ஷட்டரும் ஒரே மாதிரி நிற்கும். அம்பு மட்டும் வலது பார்க்கும் அல்லது இடது பார்க்கும், அந்த ஒன்றுதான் நமக்கு வேண்டிய செய்தி.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

நன்றி அண்ணே, நன்றி சார். ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நிரல் தொகுப்பை வைத்து ஒரு பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கோடுகளை ஒரு பிக்சல் அகலத்துக்கு மெலிதாக்கிப் பார்த்தேன். இரண்டு சிக்கல். நோட்டில் அச்சடித்த கோடும் நீலம், பெரியப்பாவின் பேனாவும் நீலம், நிறத்தை வைத்துப் பிரிக்க முடியவில்லை. அடுத்தது, பழுதான ஷட்டரின் பெருக்கல் குறி மெலிதாக்கிய பிறகு நடுவில் பிய்ந்து வேறு உருவமாகிவிடுகிறது.

கோடுகோடாய் எழுதியது:

மெலிதாக்கும்போது எல்லோருக்கும் வருவதுதான். ஸாங், சூன் இருவரின் 1984 முறையாக இருந்தாலும், அதற்குப் பின் வந்தவையாக இருந்தாலும், சாய்வாக வெட்டும் இரண்டு கோடுகள் ஒரே புள்ளியில் சந்திப்பதாகக் காட்டாது. அந்த நான்கு கிளைச் சந்திப்பு மூன்று கிளைச் சந்திப்புகள் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு குட்டிக் கோடு முளைக்கும். மை தடிமனாக இருந்தால் அந்தக் குட்டிக் கோடும் நீளும். அதனால் மெலிதாக்குவதற்கு முன்பே பேனாக் கோட்டின் அகலத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே உள்ள தூரம் ஏறக்குறைய அந்த அகலமே என்றால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு அந்தச் சந்திப்பில் வரும் நான்கு கிளைகளில் எது எதோடு நேராகப் போகிறது என்று ஜோடி சேருங்கள். கை ஒரு கோட்டை இழுக்கும்போது நடுவில் திடீரென்று ஒடிக்காது. ஜோடி சேர்த்து முடித்ததும் இரண்டு ஸ்ட்ரோக்குகள் திரும்பக் கிடைத்துவிடும், போட்டோவிலிருந்தே.

நோட்டுக் கோட்டுக்கு நிறத்தை நம்ப வேண்டாம், இடைவெளியை நம்புங்கள். பக்கம் முழுக்க ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில் வரும். எந்த வரியில் இருக்கும் என்று கணக்கிட்டுவிட்டு, அங்கே மெல்லியதாக இருக்கும் பிக்சல்களை மட்டும் அழியுங்கள். தடித்திருக்கும் இடத்தில் பேனா கடந்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். அச்சுக் கோட்டின் மேலேயே கிடையாக ஓடிய பேனாக் கோடு ஒன்றிரண்டு போகும். அவற்றைக் கையால்தான் சரி செய்ய வேண்டும்.

பாலிடெக்னிக்_டீச்சர் எழுதியது:

தஞ்சாவூரில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறேன். என் மாணவர்கள் கையால் வரைந்த சர்க்யூட்டைக் கணினி படிக்கிற புராஜெக்ட்டை அடிக்கடி எடுத்துக்கொள்வார்கள். அந்த அனுபவத்தில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, சோதிக்கும் விதம். ஒரே பக்கத்திலிருந்து வெட்டிய குறிகளைப் பாதி பயிற்சிக்கும் பாதி சோதனைக்கும் பிரித்தால் முடிவு பிரமாதமாகத்தான் வரும். அதே மை, அதே வெளிச்சம், அதே நாள் கை. வைவாவில் வேறு ஒருவர் வரைந்து கொடுத்ததும் ரெசிஸ்டர் எல்லாம் இண்டக்டராகிவிடும். தம்பி நோட்டு நோட்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு நோட்டு முழுவதையும் கணினிக்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் அதில் சோதிக்க வேண்டும். பணிக்குச் சேர்ந்த காலத்து நோட்டும் ஓய்வு பெறும் காலத்து நோட்டும் இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் கையெழுத்து மாறியிருக்கும், அதுதான் சரியான சோதனை.

இரண்டு, இலக்கணம், அதாவது எது எதோடு சேரலாம் என்ற விதிகள். குறியைத் தனியாகப் பார்த்தால் குழப்பம் வரும் இடத்தில், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் தெளிந்துவிடும். சர்க்யூட்டில் டிரான்சிஸ்டருக்கு மூன்று கால் இருந்தே ஆக வேண்டும். கோலத்துக்கு இப்படி இலக்கணம் எழுதிய வரலாறு நம்மிடமே இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ரானி சிரோமணியும் கமலா கிரிதிவாசனோடு சேர்ந்து 1974ல் கோலங்களுக்கு வரிசை இலக்கணம் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். படத்துக்கும் இலக்கணம் உண்டு என்று உலகத்துக்குக் காட்டியதில் நம் வாசல் கோலத்துக்குப் பெரிய பங்கு. வாய்க்கால் படத்துக்கும் அப்படி எழுதலாம். ஆற்றிலிருந்து ஏ வாய்க்கால் பிரியும், ஏ வாய்க்காலிலிருந்து பி, பியிலிருந்து சி. ஷட்டர் என்றால் ஏதாவது ஒரு வாய்க்காலின் மேல் இருந்தாக வேண்டும், அந்தரத்தில் இருக்க முடியாது. பாசன வாய்க்கால் வடிகாலில் போய் முடியலாம், வடிகால் பாசன வாய்க்காலில் சேராது. இந்த விதிகளை எழுதி வைத்தால் பாதிப் பிழை தானாகக் குறையும்.

கடைமடை எழுதியது:

அம்மா, எனக்குக் கணினி அவ்வளவு தெரியாது, திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே விவசாயம். அந்தக் கடைசி விதி மட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் மேலே உள்ள ஊர்களின் வடிகால் தண்ணீர்தான் எங்களுக்குப் பாசனம். ஒரே வாய்க்கால் மேல் ஊருக்கு வடிகால், கீழ் ஊருக்குப் பாசனம். சம்பாவுக்கும் தாளடிக்கும் அதைத் தேக்கித்தான் பாய்ச்சுகிறோம். பாசன வடிகால் என்றே சொல்வோம். லஸ்கர் நோட்டில் விட்டு விட்டுப் போன கோடு ஒரு இடத்தில் முழுக் கோடாக மாறியிருந்தால் அது எழுத்துப் பிழை அல்ல, அந்த இடத்தில்தான் எங்கள் தண்ணீர் தொடங்குகிறது. கணினி அதைத் திருத்திவிட்டால் எங்கள் ஊர் படத்திலேயே இருக்காது.

பாலிடெக்னிக்_டீச்சர் எழுதியது:

மிகவும் நன்றி ஐயா. விதியை எடுத்துவிட வேண்டியதில்லை தம்பி, கட்டாயமாக வைக்காமல் மதிப்பெண்ணாக வையுங்கள். விதிக்குப் பொருந்தினால் கொஞ்சம் கூட்டு, பொருந்தாவிட்டால் கொஞ்சம் குறை, குறைந்ததை மனிதரிடம் காட்டு. தானாக எதையும் மாற்றக் கூடாது. வடிகால் முழுக் கோடாக மாறும் இடத்தைத் தனி வகையாகவே சேர்த்துவிடலாம். பட்டியலில் அதற்கும் ஒரு வரி வரட்டும்.

ஜிபியு_தம்பி எழுதியது:

சரி, இவ்வளவு கூர்மையாகப் பிரித்த பிறகும் நியூரல் வலைக்கு இடம் இருக்கிறது. டாலர் பி மாதிரிகளோடு ஒப்பிடுவது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எந்தக் கோடுகள் சேர்ந்து ஒரு குறி என்று யார் சொல்வது? ஷட்டரின் இரண்டு கோட்டுக்குப் பக்கத்தில் நெளிகோடு வந்து ஒட்டிக்கொண்டிருந்தால்? அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கட்டம் கட்ட வலைதான் நல்லது. பயிற்சிப் படத்தை நாமே பெருக்கலாம். ஒவ்வொரு குறியிலும் சில நல்ல மாதிரிகளை எடுத்து, ஸ்ட்ரோக்கைக் கொஞ்சம் வளைத்து, நீட்டி, நடுங்க வைத்து, வெற்று நோட்டுப் பக்கத்தில் இழுத்த வாய்க்கால் கோடுகளின் மேல் வைத்து ஆயிரக்கணக்கில் செய்துவிடலாம். எந்தப் படத்தில் எங்கே என்ன வைத்தோம் என்று நமக்கே தெரியும், கட்டம் கட்டும் வேலையே இல்லை.

கோடுகோடாய் எழுதியது:

இது நல்ல யோசனை, முழுக்க ஒத்துக்கொள்கிறேன். இடத்தைக் கண்டுபிடிப்பது வலை, பெயர் சொல்வது ஒப்பீடு, சரிபார்ப்பது இலக்கணம். ஒப்பீட்டில் முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் வித்தியாசம் சிறிதாக இருந்தால் கணினி முடிவு சொல்லாமல் கேள்வி கேட்கட்டும்.

கேள்வி கேட்கும் எல்லையை எல்லாக் குறிக்கும் ஒரே மாதிரி வைக்காதீர்கள். நல்ல ஷட்டரைப் பழுது என்று சொல்லிவிட்டால் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவார், அவ்வளவுதான் நஷ்டம். பழுதான ஷட்டரை நல்லது என்று விட்டுவிட்டால் அது மனுவில் வராது, அந்த வருடம் அந்த மதகுக்குக் கீழே உள்ளவர்கள் தவிப்பார்கள். பெருக்கல் குறி இருக்குமோ என்று லேசாகச் சந்தேகம் வந்தாலே கேட்க வேண்டும்.

இன்னொன்று. பெரியப்பா பக்கத்திலேயே இருக்கும்போது போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? டேப்லெட்டில் பக்கத்தின் போட்டோவை மங்கலாகக் காட்டி, அதன் மேலேயே அவரைத் திரும்ப வரையச் சொல்லுங்கள். ஸ்ட்ரோக், வரிசை, எது எதோடு சேர்ந்தது எல்லாம் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். எல்லாப் பக்கமும் வேண்டாம், ஒவ்வொரு நோட்டிலும் சில பக்கம் போதும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

கேட்டுப் பார்த்தேன். கண்ணாடித் திரையில் கை வழுக்குகிறது, வேண்டாம் என்கிறார். ஆனால் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இது மேலக் கண்ணு ஷட்டர், திருகு போச்சு", "இந்த நெளிவு கார்த்திகை மாசம்தான் வரும்" என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்கிறார். அதனால் நான் மேலே இருந்து வீடியோ எடுக்கிறேன். அவர் விரல் வைத்த இடத்தில் நான் டேப்லெட்டில் கோட்டை இழுத்து, அவர் சொன்னதை அப்படியே அந்தக் குறியோடு சேர்த்து எழுதிவிடுகிறேன். படத்தில் இல்லாத செய்தி எவ்வளவோ வருகிறது.

கேள்விகளைத் திரையில் காட்டவில்லை, சந்தேகப்பட்ட துண்டுகளை மட்டும் பெரிதாக்கிப் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதில் அவரே பேனாவால் எழுதிக் கொடுக்கிறார். இந்த வழி அவருக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் கணினி தொடர்ந்து தவறுகிறது. கோட்டின் ஓரமாக 3/2, 3/6 என்று எண்கள் இருக்கின்றன. நடுவில் உள்ள சாய்கோட்டைப் பெருக்கல் குறியின் பாதி என்று நினைத்து, பக்கத்து ஷட்டரைப் பழுது என்கிறது. பெரியப்பா அதைத் தூரம் என்றார்.

ஓய்வுபெற்ற_ஓவர்சியர் எழுதியது:

தூரம்தான் தம்பி. முன்னால் இருப்பது மைல், பின்னால் இருப்பது பர்லாங். வாய்க்கால் தலைப்பிலிருந்து கணக்கு. ஒரு மைலுக்கு எட்டு பர்லாங், ஆகவே பின்னால் உள்ள எண் 7ஐத் தாண்டாது. 8 அல்லது 9 என்று கணினி படித்தால் தவறு என்று உடனே தெரிந்துவிடும். அதே வாய்க்காலில் கீழே போகப் போக எண் கூடிக்கொண்டே போக வேண்டும், குறைந்தால் அதுவும் தவறு.

அந்த எண்களை அழித்துவிடாதீர்கள். லஸ்கர் படம் அளவுக்கு வரைந்ததல்ல, ஒரு மைல் தூரம் விரலளவில் இருக்கும், ஒரு வளைவு பக்கம் முழுக்க இருக்கும். இடத்தைச் சொல்வது அந்த எண் மட்டும்தான். ஒரு பர்லாங் சுமார் 201 மீட்டர். 3/2 என்றால் தலைப்பிலிருந்து ஏறக்குறைய 5,230 மீட்டர். இன்று மனுவில் மீட்டரில் கேட்பார்கள், மாற்றிக் கொடுத்தால் பொறியாளர் நேராக அந்த இடத்துக்கே போய்விடுவார்.

கோடுகோடாய் எழுதியது:

சார், இது ஒன்றே இந்த இழைக்குப் போதும். தம்பி, அந்த எண்ணைத் தனி வகையாகப் பழக்குங்கள். சாய்கோட்டுக்கு இரு பக்கமும் எழுத்தளவில் மை இருந்தால் அது எண், வாய்க்கால் கோட்டைத் தொட்டு வெட்டினால்தான் பழுது. எண் தெரிந்த இடங்களை வைத்து நடுவில் உள்ள குறிகளின் தூரத்தையும் தோராயமாகக் கணக்கிடலாம். தோராயம் என்று பட்டியலில் குறித்துவிடுங்கள்.

கடைமடை எழுதியது:

ஒரு வேண்டுகோள். நோட்டில் பழுது என்று போட்டது எந்த வருடமோ, அதற்குள் சரி செய்திருக்கலாம், நல்லதாக இருந்தது போயும் இருக்கலாம். பட்டியலை அப்படியே மனுவில் சேர்க்காமல், ஒவ்வொரு ஊர் ஆளும் தன் பக்கத்து மதகைப் பார்த்துச் சொல்லட்டும். எங்கள் பக்கம் நான் ஆள் சேர்த்துத் தருகிறேன்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அவசியம் செய்கிறேன் ஐயா. பட்டியலில் வாய்க்கால், மீட்டர் கணக்கு, குறி, எந்த நோட்டு எந்தப் பக்கம், பெரியப்பா சொன்னது, நேரில் பார்த்தவர், பார்த்த தேதி என்று பத்திகள் வைத்திருக்கிறேன். கணினி சந்தேகப்பட்ட வரிகள் மேலே வரும், அவற்றை முதலில் பார்த்தால் போதும். வடிகால் பாசனமாக மாறும் இடங்களுக்குத் தனித் தாள் போட்டிருக்கிறேன், திருத்துறைப்பூண்டி பக்கத்து வரிகளை உங்களுக்கு இன்று ராத்திரி அனுப்புகிறேன்.